தென்னந்தோப்புக்கு ரோட்டரி ஸ்லாஷர்: டிராக்டரில் மாட்டிச் சமன் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

தோப்பை அடிக்கடி உழாமல், களையை வெட்டி அங்கேயே மூடாக்காக விடுகிறவர்களுக்கு, தகட்டுக்கு அடியில் சுழலும் கத்திகளால் களையை வெட்டும் ரோட்டரி ஸ்லாஷர் நல்ல துணை. பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் ஓர் ஏக்கரை ஆள் வைத்து வெட்டுவதற்கு ஆகும் நேரத்தையும், 45 குதிரைத்திறன் டிராக்டரும் ஐந்தடி ஸ்லாஷரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கருவியை வாங்கி வந்த அன்று மாலையே மாட்டி ஓட்டிவிடுகிறோம். பிறகு சுழலும் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் உடைகிறது, கியர்பாக்ஸ் சீல் ஒழுகுகிறது, வெட்டு ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் குச்சி குச்சியாகவும் விழுகிறது, வரப்பு ஏறும்போது முன் சக்கரம் மிதக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மாட்டிய அன்றே உண்டான கோளாறுகள். நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருப்பவன். இந்தத் தவறுகளில் பலவற்றைச் செய்து, செலவழித்து, பிறகு வரிசையாகக் கற்றுக்கொண்டேன். அந்த வரிசைதான் இங்கே முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய பொருத்தம்

டிராக்டரின் பின்னால் இரண்டு கீழ் லிங்க்குகளும் மேலே ஒரு டாப் லிங்க்கும் சேர்ந்த மும்முனை இணைப்பில் அளவு வகைகள் உண்டு. முதல் வகையில் கீழ் லிங்க் பின்னின் விட்டம் 22 மி.மீ., டாப் லிங்க் பின்னின் விட்டம் 19 மி.மீ.; இரண்டாம் வகையில் முறையே 28 மி.மீ., 25 மி.மீ. நாம் பயன்படுத்தும் 45 குதிரைத்திறன் டிராக்டர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. சிறிய ஸ்லாஷர்கள் முதல் வகைப் பின்னோடு வருவதுண்டு. அப்போது 28 மி.மீ. துளைக்குள் 22 மி.மீ. பின்னை அப்படியே செருகி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 6 மி.மீ. ஆட்டம் பந்துமூட்டையும் பின்னையும் சில வாரங்களில் தின்றுவிடும். இடைவெளியை நிரப்பும் புஷ் என்ற உருளை வளையம் அளவுக்கு ஏற்றபடி கடையில் கிடைக்கும், அதைப் போட்டே மாட்ட வேண்டும்.

இந்த இணைப்பே சமநிலைக்காகப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கருவியைச் சங்கிலி போலப் பின்னால் இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மீதே கவிழ்ந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் கருவியையும் டிராக்டரையும் ஒரே உடலாக்கும் மும்முனை இணைப்பை 1920-களில் உருவாக்கத் தொடங்கினார். 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் அது பரவலானது. அவர் பெயரைத் தாங்கிய மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் நம் ஊருக்குக் கொண்டுவந்தது. ஆக, நாம் பின் செருகும் அந்த மூன்று துளைகளும் உயிர் காக்க வந்தவை. அவற்றை அலட்சியமாகப் பூட்டக்கூடாது.

அகலத்தைப் பொறுத்தவரை, தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்ட தோப்பில் ஐந்தடியோ ஆறடியோ எதுவும் புகுந்து வரும். ஆனால் டிராக்டரின் பின் சக்கரங்களின் வெளி அகலத்தை விட ஸ்லாஷர் குறுகலாக இருந்தால், சக்கரம் மிதித்த களை வெட்டுப்படாமல் படுத்துவிடும். இருக்கும் டிராக்டரின் சக்கர அகலத்தை அளந்துகொண்டு போய்க் கருவி வாங்குங்கள்.

முதலில் மட்டமான இடம், பிறகு டயர் காற்று

கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம்தான் இந்த வேலைக்குச் சிறந்த இடம். தோப்புக்குள் மண் தரையில் வைத்து மட்டம் பார்த்தால், தரையின் சரிவு கருவியின் சரிவாகத் தெரியும். திருத்துவதாக நினைத்து நாமே கோணலாக்குவோம்.

பின் டயர்கள் இரண்டிலும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு டயரில் காற்று குறைந்தால் அந்தப் பக்கம் டிராக்டரே சில சென்டிமீட்டர் தாழ்கிறது. அதோடு சேர்ந்து கீழ் லிங்க்கும் ஸ்லாஷரும் தாழ்கின்றன. இதை அறியாமல், கீழ் லிங்க்கை ஏற்றி இறக்கும் லெவலிங் கைப்பிடியைச் சுற்றிச் சரிசெய்துவிட்டு, அடுத்த வாரம் காற்றடித்த பிறகு எதிர்ப்பக்கம் தாழ்ந்து போவதைப் பார்த்து, "கருவி வளைந்துவிட்டது" என்று முடிவு கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். வால்வை உச்சியில் நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டம் வரும்வரை நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பங்கு நிரம்பும் என்பது வழக்கமான கணக்கு.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லர் கொக்கியையும் இழுவைக் கம்பியையும் இப்போதே கழற்றுங்கள், அல்லது உள்ளே தள்ளுங்கள். ஸ்லாஷரை இறக்கும்போது சுழலும் ஷாஃப்ட் அதன்மேல் உரசினால் என்ன ஆகும் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

மாட்டும் வரிசை

ஸ்லாஷரைக் களத்தில் மரக்கட்டைகளின் மேல் மட்டமாக வையுங்கள். டிராக்டரை மெதுவாகப் பின்னோக்கி நேர்கோட்டில் கொண்டுவந்து, கீழ் லிங்க்கின் துளையும் கருவியின் பின்னும் நேருக்கு நேர் வரும்போது நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகே கீழே இறங்குங்கள். கருவிக்கும் டிராக்டருக்கும் நடுவே ஒருவர் நிற்கும்போது மேலே இன்னொருவர் ஹைட்ராலிக் லீவரைத் தொடவே கூடாது. "கொஞ்சம் தூக்குங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே நடுவில் கை நீட்டும் பழக்கத்தில் எத்தனை விரல்கள் நசுங்கியிருக்கின்றன!

இடது கீழ் லிங்க்கை முதலில் மாட்டுங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் அதன் தூக்குக் கம்பி மாறா நீளம் கொண்டது. வலப்பக்கக் கம்பியில்தான் லெவலிங் கைப்பிடி இருக்கிறது. எனவே இடதைப் பூட்டிவிட்டு, வலது லிங்க் உயரத்தில் பொருந்தாவிட்டால் கைப்பிடியைச் சுற்றி ஏற்றியோ இறக்கியோ துளைக்கு நேராகக் கொண்டுவரலாம். மூன்றாவதாக டாப் லிங்க். ஒவ்வொரு பின்னுக்கும் லாக் பின் போடுங்கள். ஆணியோ கட்டுக்கம்பியோ அதற்கு மாற்றாகாது. டாப் லிங்க்கின் இரண்டு மரைகளும் குழாய்க்குள் சம அளவு உள்ளே இருக்க வேண்டும். ஒரு பக்கம் நுனி மரையில் மட்டும் தொங்கினால் தூக்கும்போது பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்தது செக் செயின். ஸ்லாஷரைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, கருவியின் நடுவும் டிராக்டரின் நடுவும் ஒரே கோட்டில் வரும்படி இரண்டு பக்கச் செயின்களையும் இறுக்குங்கள். பக்கவாட்டில் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் இருந்தால் போதும். கலப்பைக்கு விடும் ஆட்டத்தை ஸ்லாஷருக்கு விட்டால், மரத்தைச் சுற்றித் திரும்பும்போது அது வாலாட்டி அடிமரத்தில் இடிக்கும், அல்லது பின் டயரைக் கடிக்கும்.

ஹைட்ராலிக்கில் இரண்டு லீவர்கள் இருந்தால் பொசிஷன் கன்ட்ரோல் லீவரை மட்டும் பயன்படுத்துங்கள். டிராஃப்ட் கன்ட்ரோல் மண்ணின் இழுவையை உணர்ந்து கலப்பையை ஏற்றி இறக்குவதற்கானது. மண்ணைத் தொடாத கருவிக்கு அதில் வேலை இல்லை. அதைக் கையேட்டில் சொன்ன ஓய்வு நிலையில் விட்டுவிடுங்கள்.

பி.டி.ஓ. ஷாஃப்ட்: அவசரம் கூடாத இடம்

ஸ்லாஷர் பழுதுகளில் பாதியை இந்த ஒன்றேகால் மீட்டர் இரும்பில்தான் தேட வேண்டும். டிராக்டரின் பின்னால் விசை தரும் தண்டான பி.டி.ஓ.விலிருந்து கருவிக்கு விசையைக் கொண்டுபோய், நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் இந்த ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ். கருவி ஏறி இறங்கும்போது நீள்வதும் சுருங்குவதும் இந்தக் குழாய்கள்தான்.

புது ஷாஃப்ட்டின் நீளம் உங்கள் டிராக்டருக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு பாதிகளையும் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கியர்பாக்ஸிலும் மாட்டி, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஸ்லாஷரை மெல்ல ஏற்றி இறக்கும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே தூரம் மிகக் குறைவாக இருக்கும் நிலை ஒன்று வரும். பெரும்பாலும் ஷாஃப்ட் தரைக்கு இணையாக இருக்கும் நிலை அது. அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கருவிக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டு, குழாயின் முனை எதிர் யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டையின்) அடியைத் தொடாமல் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு குழாய்களிலும், அவற்றின் பிளாஸ்டிக் உறைகளிலும் சம அளவு வெட்ட வேண்டும். வெட்டிய வாயை அரத்தால் தேய்த்து, பிசிறு நீக்கி, துகள் இல்லாமல் துடைத்து, கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். இந்த இடைவெளி இல்லாத ஷாஃப்ட், வரப்பில் ஏறும் ஒரு கணத்தில் கடப்பாரை போல இரண்டு பக்கமும் குத்தி, டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையே உள்ளே தள்ளிவிடும்.

எதிர் நிலையையும் பாருங்கள். ஷாஃப்ட் மிகவும் நீளும் நிலையிலும் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது புகுந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் குழாய் வளையும், இல்லையென்றால் ஓட்டத்தில் பிரிந்து சாட்டையாகச் சுழலும்.

இப்போது என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் கிராஸ் மாற்றுவதற்காக ஷாஃப்ட்டை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிவந்தேன். மாட்டி ஓட்டியதும் இருக்கை வழியாக ஒரு நடுக்கம் வந்தது. கத்தியில் கோளாறு என்று நினைத்துக் கத்தியை இரண்டு முறை மாற்றினேன். மூன்றாம் நாள் பி.டி.ஓ. சீலில் எண்ணெய் கசிந்தது. கழற்றித் தரையில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரு முனையின் யோக் கிடையாகவும் மறுமுனையின் யோக் செங்குத்தாகவும் நின்றன. அது சதுரக் குழாய் ஷாஃப்ட். நான்கு விதமாக உள்ளே நுழையும், அதில் இரண்டு சரி, இரண்டு தவறு. தவறான விதத்தில் நுழைத்திருந்தார்கள். மாட்டும்போது நானும் பார்க்கவில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்கில் காட்டலாம். ஒரு கிராஸ் 20 பாகை கோணத்தில் வேலை செய்யும்போது, உள்ளே வருவது சீரான 540 சுற்றாக இருந்தாலும் வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 507-க்கும் 575-க்கும் இடையே தயங்கித் தாவும். 30 பாகையில் இது 468 முதல் 624 வரை போகும். இரண்டாவது கிராஸ் அதே கோணத்தில் இருந்து, உள் யோக்குகள் இரண்டும் ஒரே தளத்தில் நின்றால், முதலாவது உண்டாக்கிய தயக்கத்தை இரண்டாவது அழித்துவிடும். யோக் ஒரு கால் சுற்று தவறி நுழைந்தால் இரண்டும் அழியாமல் ஒன்றோடொன்று கூடிவிடும். எனவே ஒவ்வொரு முறை மாட்டும்போதும் நடுவில் உள்ள இரண்டு யோக்குகளின் காதுகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ இரண்டு குழாயிலும் ஒரே கோடு போட்டு வைத்துவிட்டால் யார் மாட்டினாலும் தவறாது.

கோணத்துக்கும் இதே காரணம்தான். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் ஸ்லாஷர் கியர்பாக்ஸின் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இரண்டு கோணமும் சமம். டாப் லிங்க்கை அதிகம் சுருக்கிக் கருவியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இந்த இணை கெடும். வேலை நிலையில் கோணம் 15 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வரிசை முனையில் திரும்பும்போது கருவியை ஓரளவு மட்டும் தூக்கித் திரும்புங்கள். உயரமாகத் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகே தூக்குங்கள். லீவர் ஓடும் தடத்தில் உள்ள நிறுத்தத் திருகை அந்த உயரத்தில் வைத்துவிட்டால் கை தவறாது.

பாதுகாப்பு உறையும் அது சுழலாமல் பிடிக்கும் சங்கிலியும் இல்லாத ஷாஃப்ட்டை மாட்டவே வேண்டாம். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, தோளில் கிடக்கும் துண்டோ, புல் அள்ள வந்த பெண்களின் சேலை முந்தானையோ அதில் சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. எங்கள் தோப்பில் ஸ்லாஷர் ஓட்டுபவர் பேன்ட் அணிந்துதான் ஏற வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஷாஃப்ட்டில், சுமை மீறினால் தானே உடைந்து மற்றதைக் காக்கும் ஷியர் போல்ட் இருந்தால், அது உடையும்போது அதே தரத்துப் போல்ட்டையே போடுங்கள். "இது அடிக்கடி உடைகிறது" என்று வலுவான போல்ட்டைப் போடுவது, வீட்டில் ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பி கட்டுவதற்குச் சமம். அடுத்து உடைவது கியர்பாக்ஸ் பல்.

மட்டம் பார்த்தல்

எஞ்சின் அணைந்து, சாவி கையில், கருவிக்கு அடியில் கட்டை. இந்த மூன்றும் இல்லாமல் தகட்டுக்குக் கீழே கை போகக்கூடாது.

முதலில் பக்கவாட்டு மட்டம். ஸ்லாஷரை வெட்டும் உயரத்துக்கு இறக்கி, ஒரு கத்தியை வெளியே நீட்டி இடப்பக்கமாகத் திருப்பி அதன் நுனிக்கும் களத்துக்கும் உள்ள உயரத்தை அளவு நாடாவால் அளங்கள். அதே கத்தியை வலப்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். வித்தியாசத்தை வலப்பக்க லெவலிங் கைப்பிடியால் நீக்குங்கள். அதே கத்தியை வைத்தே இரண்டு பக்கமும் அளப்பதற்குக் காரணம் உண்டு: வெவ்வேறு கத்திகளை அளந்தால் கத்தியின் வளைவும் கருவியின் சரிவும் கலந்துவிடும். இது முடிந்த பிறகு, கருவியை அசைக்காமல் இரண்டாவது கத்தியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளந்தால், கத்தியோ அதைத் தாங்கும் தட்டோ வளைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து முன் பின் மட்டம். இங்கே சரிமட்டம் வேண்டாம். முன்பக்கக் கத்தி நுனி, பின்பக்க நுனியை விட 12 முதல் 20 மி.மீ. வரை தாழ்ந்திருக்க வேண்டும். முன்னால் வெட்டுப்பட்ட களை, சுற்றி வரும் கத்தியின் பின்பாதியில் மறுபடி சிக்காமல் வெளியேறும். எஞ்சினின் சுமை குறையும், வெட்டும் சுத்தமாக விழும். களையைப் பொடியாக்கி மூடாக்காக விட விரும்புகிறவர்கள் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துவதும் உண்டு. அதற்கு டீசல் கூடுதலாகப் போகும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

பின் சக்கரம் உள்ள ஸ்லாஷரில் பின்பக்க உயரத்தை அந்தச் சக்கரம்தான் முடிவு செய்கிறது. முன்பக்க உயரத்தைக் கீழ் லிங்க் முடிவு செய்கிறது. டாப் லிங்க்குக்கு வெட்டும்போது வேலையே இருக்கக்கூடாது. பலர் அதை விறைப்பாக இறுக்கிவிடுகிறார்கள். அப்போது டிராக்டரின் முன் சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் ஸ்லாஷரின் பின்பக்கம் மேலே எழும்புகிறது, முன் சக்கரம் வரப்பில் ஏறினால் பின்பக்கம் மண்ணைக் கொத்துகிறது. கருவியில் டாப் லிங்க் மாட்டும் இடம் நீள்துளையாக இருந்தால், மட்டமான தரையில் பின் அந்தத் துளையின் நடுவில் நிற்கும்படி நீளத்தை வையுங்கள். ஆடும் பிராக்கெட்டாக இருந்தால் அது முன்னும் பின்னும் அசைய இடம் இருக்கட்டும். இந்தச் சிறு தளர்வு தோப்பின் மேடு பள்ளத்தைக் கருவி தானே தடவிப் போக வைக்கும்.

வெட்டும் உயரத்தை 7 முதல் 10 செ.மீ. வரை வைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவந்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் கல்லும் சொட்டுநீர்க் குழாயும் அடிபடும்.

கத்திகள்: சமையலறைத் தராசின் வேலை

ஸ்லாஷரின் கத்திகள் போல்ட்டில் தளர்வாகத் தொங்குபவை. சுழலும்போது வெளியே விரிந்து, கல்லில் பட்டால் மடங்கி உள்ளே போகும். அவை கையால் தள்ளினால் ஆட வேண்டும். துருப்பிடித்து இறுகிய கத்தி ஒருபக்கம் விரிந்தும் மறுபக்கம் மடங்கியும் சுழலும்.

கத்திகளை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். தீட்டினால் இரண்டையும் தீட்டுங்கள், தீட்டிய பிறகு தராசில் வையுங்கள். கியர்பாக்ஸ் வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டும் கருவியில் கத்தி நிமிடத்துக்கு 810 சுற்று சுற்றுகிறது. ஒரு கத்தி மற்றதை விட 50 கிராம் கூடுதலாக இருந்து, அந்த எடை மையத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருந்தால், கருவியை ஒரு பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 22 கிலோ எடைக்குச் சமம். அது நொடிக்கு 13 முறைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. கைப்பிடி அளவு வெங்காயத்தின் எடை வித்தியாசம் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல் அரை மூட்டை சிமென்ட்டாக மாறுகிறது. எடை கூடிய கத்தியை வெட்டும் விளிம்பில் கைவைக்காமல் முதுகுப் பக்கம் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

விளிம்பைச் சவரக்கத்தி போலத் தீட்ட வேண்டாம். ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. தடிப்பு மிச்சம் இருக்கட்டும். மிகக் கூர்மையான விளிம்பு முதல் கல்லிலேயே பல் விழுந்துவிடும். கத்தி வெட்டும் பக்கம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்பதைத் தகட்டில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். போல்ட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கத்தியின் ஆயுள் முடிந்தது.

முன் சக்கரத்தின் பாரம்

பின்னால் தொங்கும் கருவி, பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துத் தராசுக்கோல் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க, கருவியின் எடையைப் பின் அச்சிலிருந்து அதன் மையம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவேயுள்ள தூரத்தால் வகுத்தால் போதும். டிராக்டர் 2,000 கிலோ, அதில் முன் அச்சின் மேல் 800 கிலோ, அச்சுகளுக்கு இடையே 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 450 கிலோ ஸ்லாஷரின் மையம் பின் அச்சிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி இருந்தால், முன்பக்கம் இழக்கும் பாரம் சுமார் 403 கிலோ. மிச்சம் 397 கிலோ. டிராக்டர் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி; இங்கே அது 400 கிலோ. ஆக, மட்டமான சாலையில் நிற்கும்போதே இந்த டிராக்டர் விளிம்பில் இருக்கிறது. வரப்பு ஏறினாலோ, தூக்கிய கருவியோடு குழியில் குதித்தாலோ ஸ்டியரிங் காற்றில்தான் சுற்றும்.

முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் பம்பரில் 25 கிலோ வெயிட்டுகள் நான்கைப் போட்டால், 100 கிலோ அங்கே சுமார் 132 கிலோவாக வேலை செய்யும். முன் அச்சின் பாரம் சுமார் 529 கிலோவுக்கு உயரும். 350 கிலோ எடையுள்ள சிறிய ஸ்லாஷரானால் வெயிட் இல்லாமலே 487 கிலோ மிஞ்சும். சமவெளித் தோப்புக்கு அது போதும், சரிவுள்ள நிலத்துக்கு இரண்டு வெயிட் போடுவேன்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஊரில் உள்ள எடை மேடை போதும். ஸ்லாஷரை மாட்டி, முழுதும் தூக்கிய நிலையில், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். சீட்டில் வரும் எண் நேரடியான விடை. எங்கள் டிராக்டருக்கு வந்த சீட்டை இன்னும் டூல்பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

பின் டயரில் தண்ணீர் இருப்பதால் இந்தக் கவலை தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். அந்தத் தண்ணீரின் எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வழுக்கலைக் குறைக்கும், பக்கவாட்டில் கவிழாமல் உதவும், முன் சக்கரத்துக்கு ஒரு கிலோகூடத் தராது.

முதல் ஓட்டம்

கியர்பாக்ஸில் 90-ஆம் எண் எண்ணெய் மட்டத் திருகு வரை இருக்கிறதா என்று பார்த்து, கிராஸ்களுக்கும் குழாய்க்கும் கிரீஸ் அடியுங்கள். கிராஸ்களுக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ் தேவை. முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை முழுதாக இருக்க வேண்டும். கத்தி நுனி ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நொடிக்கு சுமார் 64 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அடிபட்ட கொட்டாங்குச்சியோ கல்லோ எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. சுற்றிலும் 90 மீட்டருக்குள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பி.டி.ஓ.வை இணையுங்கள். ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 540 குறி வரை ஏற்றுங்கள். குறைந்த வேகத்தில் இல்லாமல் வேகம் கூடக் கூட வளரும் நடுக்கம் என்றால் கத்தி எடையைப் பாருங்கள். தூக்கினால் கூடி, இறக்கினால் குறையும் நடுக்கம் ஷாஃப்ட்டின் கோணத்தைக் காட்டுகிறது. எந்த உயரத்திலும் மாறாமல் வரும் தடதடப்புக்கு யோக் நேராக இருக்கிறதா, கிராஸ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் வெட்டிய பிறகு நிறுத்தி எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குவது அவசியம்.

பழைய ஒற்றைக் கிளட்ச் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிளட்ச்சை மிதித்தாலும் சுழன்றுகொண்டிருக்கும் கத்தியின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பிவந்து கியர்பாக்ஸைச் சுற்றி, டிராக்டரை முன்னே தள்ளும். என் தந்தையாரின் பழைய டிராக்டரில், கிளட்ச்சை முழுதாக மிதித்தபடியே வண்டி மூன்று முழம் நகர்ந்து தென்னையில் முட்டி நின்றது. அந்த இடத்தில் கிணறு இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பி.டி.ஓ. முனையில் மாட்டும் ஓவர் ரன்னிங் கிளட்ச், விசையை ஒரு திசையில் மட்டும் விடும். அதை மாட்டினால் ஷாஃப்ட்டின் நீளத்தை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.

தோப்புக்குள் இறங்குமுன் விழுந்த மட்டைகளையும் குரும்பைகளையும் பொறுக்கி ஓரம் போடுங்கள். ஸ்லாஷர் களைக்கானது, மட்டையின் அடித்தண்டைப் பொடியாக்க அதற்கென ஷ்ரெடர் இருக்கிறது.

கழற்றும்போது

பி.டி.ஓ.வை விடுவித்த பிறகும் கத்தி சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்; அது முழுதாக நிற்கும்வரை இருக்கையை விட்டு இறங்க வேண்டாம். கட்டைகளின் மேல் கருவியை இறக்கி, எஞ்சினை அணைத்து, முதலில் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். பிறகு டாப் லிங்க், அடுத்து வலது, கடைசியாக இடது. ஷாஃப்ட்டை மண்ணில் போடாமல் கருவியின் கொக்கியில் தொங்கவிட்டு, பி.டி.ஓ. தண்டின் மூடியை மாட்டுங்கள். தகட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஈரக் களையை அன்றே சுரண்டிவிட வேண்டும். பார்த்தீனியமும் மண்ணும் சேர்ந்த அந்தக் கட்டி ஒரே மழைக்காலத்தில் தகட்டை அரித்துவிடும். கழற்றிய பின்களை அவற்றின் துளைகளிலேயே செருகி, லாக் பின்னைப் பூட்டி வையுங்கள். டாப் லிங்க்கின் நீளம் எவ்வளவு இருந்தது என்பதை மரையில் ஒரு பெயிண்ட் கோடாகக் குறித்துவிட்டால், அடுத்த முறை மட்டம் பார்க்கும் வேலை கால் மணி நேரத்தில் முடியும்.